ஒரு ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? 'நைஸ்' கையில் இருந்தால் போதும்

ஒரு ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் இத்தனை பொருள் என்று தேட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் நீளமான, கடினமான சொல்லாகப் பார்த்து எடுக்கிறார்கள். அது வேண்டாம். தினமும் வாயில் புழங்குகிற சின்னச் சொல்லாக எடுங்கள், கதை அதில்தான் அதிகம். நான் இங்கே நைஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல் உங்கள் காதில் எப்படியெல்லாம் விழுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள், தமிழ்ப் பேச்சில் விழுவதையும் சேர்த்து. மாவு மில்லில் தூக்கை நீட்டினால் "நைஸா வேணுமா, கொரகொரப்பா வேணுமா?" என்று கேட்பார்கள். வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரு துளி மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நைஸாகணும்" என்பார். கூட்டத்திலிருந்து ஒருவர் நைசாக நழுவுவார். "ரொம்ப நைஸான மனுஷன்" என்பது வேறு. எல்லாம் ஒரே சொல்தான், ஆனால் ஒரு பொருளை இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் அகராதி. சாதாரண அகராதியில் இன்றைய பொருள் முதலில் வரும், அதை வைத்துச் சொல்லின் வயதைப் பிடிக்க முடியாது. வரலாற்று அகராதி வேண்டும். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் முழுமையான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அப்படிப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆண்டில் யார் எப்படி எழுதினார்கள் என்ற மேற்கோளோடு, பழையதிலிருந்து புதியதற்கு வரும். இணையத்தில் அதற்குச் சந்தா வேண்டும். இலவசமாகப் பார்க்க, ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் எட்டிமான்லைன் (etymonline) தளம் போதும்.

நைஸைத் தேடினால் முதலில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. மூலம் லத்தீன் 'நெஸ்கியுஸ்', அதாவது ஒன்றும் அறியாதவன். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். சயின்ஸ் என்ற சொல் பிறந்ததும் இதே ஸ்கீரேயிலிருந்துதான்! பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் அசடு, முட்டாள்தனம். பிறகு எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவர், அப்புறம் மென்மையான, 16ஆம் நூற்றாண்டில் நுணுக்கமான, துல்லியமான. இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, அன்பான என்பது அதற்கும் பிறகு.

தேடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. முதல் பொருளையும் கடைசிப் பொருளையும் நேராக முடிச்சுப் போடப் பார்க்காமல், பக்கத்துப் பக்கத்துப் பொருள்களுக்கு நடுவே பாலம் தேடுங்கள். எதிலும் குறை காண்பவர் நுணுக்கமாகப் பார்ப்பவரும்தானே, நுணுக்கமாகச் செய்த பொருள் பார்க்க இனிமையாகத்தானே இருக்கும்? இப்போது முதலில் எழுதிய தாளை எடுங்கள், அம்மா விரலில் தேய்த்துப் பார்த்த மாவு அந்த 'நுணுக்கமான' பொருளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். நம்மிடமும் இப்படி உண்டு. பழைய பாடல்களில் பூவுக்கு நாற்றம் இருக்கிறது, அங்கே அது நறுமணம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். பிரான்சின் நீஸ் நகரத்தை ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள், அந்தப் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது, நம் சொல்லோடு சம்பந்தமே இல்லை. அடுத்தது, வாட்ஸ்ஆப்பில் வரும் சொற்கதைகள். நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பார்கள், தவறு. 'நியூ' என்பதன் பன்மை அது, புதியவை என்று பொருள்.

சரி, நைஸ் முடிந்ததும் சில்லியை (silly) எடுங்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குப் பேறு பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். அங்கிருந்து அப்பாவி, பாவப்பட்ட, கடைசியில் அசடு. நைஸ் புறப்பட்ட இடத்தில் இது வந்து நிற்கிறது, இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.