'நைஸ்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி?

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைத் தோண்டிப் பார்க்க ஆசையா? 'நைஸ்' என்ற சொல்லில் தொடங்குங்கள், பழகுவதற்கு அருமையான சொல்.

முதலில் இன்றைய பொருள்களை எழுதி வையுங்கள். இனிமையான, அன்பான என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுணுக்கமான வேறுபாடு. இந்த இரண்டும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்று உறுத்துகிறதா? சரி, பிடி கிடைத்துவிட்டது.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள்கள் இருக்கும், பழையதிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் சொல் நம் கண்முன்னே நிறம் மாறும்: சுமார் 1300-இல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'முட்டாள்தனமான' என்று பொருள், அப்புறம் எதற்கெடுத்தாலும் குறை பார்க்கிற, பிறகு நுட்பமான, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான'.

வேரையும் பிரித்துப் பாருங்கள். அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீன் 'நெஸ்கியுஸ்': 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். அறியாதவன்! 'சயின்ஸ்' பிறந்ததும் இதே 'ஸ்கிரே'யிலிருந்துதான், எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. மாவை நைஸாக அரை என்று நாம் சொல்லும்போதும் அந்த நுண்மையின் சாயல் தெரிகிறது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆண்டும் மேற்கோளும் இல்லாத சுவையான கதையை நம்பாதீர்கள். ஆடம்பரமான என்று பொருள்படும் 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல், கப்பல் டிக்கெட்டில் எழுதிய முதலெழுத்துச் சுருக்கம் என்பார்கள், அதற்கு ஆதாரமே கிடையாது.