கையைக் கடிக்காமல் பழைய கேமிங் கம்ப்யூட்டரைத் தேற்றுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தேற்றித் தரச் சொல்லி வரும் பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் ஒரே சாயல். 2013-14 வாக்கில் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, எச்81 மதர்போர்டு, 4 அல்லது 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஒரு ஹார்ட் டிஸ்க். அண்ணன் இன்ஜினீயரிங் படித்தபோது வாங்கியது, இப்போது தம்பி கைக்கு வந்திருக்கும். தம்பி கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த ரக கம்ப்யூட்டரை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் வேலை: எது இழுத்துப் பிடிக்கிறது?

காசை எடுக்கும் முன் வழக்கமாக ஆடும் கேமைக் கால் மணி நேரம் ஆடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். ராம் 8 ஜிபியில் ஏழரைக்கு மேல் ஓடினால் ராம் பற்றவில்லை. ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு திணறுகிறது. ஜிபியு 60-இல் சும்மா இருக்க, கேம் மட்டும் விக்கினால் புராசஸர். மொத்த சிபியு (புராசஸர்) கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அங்கே ஓடும் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் புராசஸர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஒரு கோர் மட்டும் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் போட்டு, மதர்போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது: கரண்ட்

கரண்ட் கோளாறு எந்த ஊரிலும் பொதுவான பிரச்சினைதான். ஆனால் நம்மூர் வீடுகளில் கொஞ்சம் கூடுதல். நூறு வருஷ வீட்டில் முகப்பிலிருந்து ரெண்டாங்கட்டு வரை மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரிங், அதன் முனையில் இரண்டு ஓட்டை பிளக். எர்த் கிடையாது. கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? டெஸ்டரை வைத்தால் மினுக்குகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிகிற கரண்ட், எர்த் இல்லாததால் போக இடமில்லாமல் தகரத்தில் நிற்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்காவது எர்த் இழுத்து மூன்று பின் பிளக் போட்டுவிடுங்கள். அதற்கு ஆகும் செலவையும் அப்கிரேடு கணக்கிலேயே சேருங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். மேலே 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, ஆக 192 வாட். புராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 84 வாட் புராசஸருக்கும் 185 வாட் ஆர்எக்ஸ் 580 கார்டுக்கும் அது எந்த மூலைக்கு? பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச் சான்று) முத்திரையோடு புது எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கக் கூடாத பொருள் என்று ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது: தூசி

பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்க்கும் பொடி, புராசஸர் மேலிருக்கும் ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சக் கரண்டையும் விடுங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக் கூடாது. கூலரைக் கழற்றினால் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட்டை நடுவில் வைத்து மூடுங்கள். ஆத்தங்குடித் தரை குளிர்ச்சிதான், அதற்காக கேபினெட்டைத் தரையோடு வைக்காதீர்கள். பெருக்குகிற தூசியெல்லாம் உள்ளே போகும்.

நான்காவது: எஸ்எஸ்டி

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு இது. கேமில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறாது. ஆனால் விண்டோஸ் திறக்கும் நேரமும் கேம் லோடாகும் நேரமும் பாதிக்கும் கீழே வந்துவிடும். எச்81 போர்டுகளில் பொதுவாக எம்.2 இடம் (போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டிக்கானது) இருக்காது. ஆகவே இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். இந்த போர்டில் நான்கு சாட்டா துளைகள் உண்டு, அவற்றில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ். போர்டில் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதில் செருகுங்கள். பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது. வீட்டு விசேஷப் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது: ராம்

எச்81-இல் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. ஒற்றை 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி வேகம், ஏனென்றால் இரண்டு வழியாக ஓடும். முடிந்தால் இரண்டு 8 போடுங்கள். டிடிஆர்3 பழையதே தாராளமாகக் கிடைக்கிறது. போட்டபின் திரை வராவிட்டால் பதற வேண்டாம். கழற்றி, தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

ஆறாவது: ஒருவழியாக கார்டு

எச்81-இன் நீள ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, அதாவது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பின் பழைய தலைமுறை. கடைக்காரர் "லேட்டஸ்ட் தம்பி" என்று ஆர்எக்ஸ் 6400-ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கார்டு நான்கே லேன்களில் (தரவு ஓடும் பாதைகள்) பேசுவது. 4.0 போர்டில் விநாடிக்கு 8 ஜிபி அளவுக்குப் பாயும், உங்கள் போர்டில் 2 ஜிபிதான். பதினாறு லேன் உள்ள பழைய கார்டே இங்கே மேல்.

என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட்தான் என்பதால் பெரும்பாலான மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு மட்டும் 6 பின் இணைப்பு வேண்டும், பார்த்து வாங்குங்கள். விலை குறைவென்று 1050 டிஐ பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பழைய கேம்கள் மட்டும் ஆடுவதென்றால் பரவாயில்லை.

செகண்ட் ஹேண்ட் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்கா வேறு மரமா என்று தட்டிப் பார்த்து விலை பேசுகிற ஊர். அதே கண்ணோடு கார்டைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் செருகும் தகரத்தில் துரு இருக்கிறதா? ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். ஃபேனை விரலால் சுற்றினால் ஆட்டம் இருக்கக் கூடாது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பைப் புதுப் பெயரில் ஏமாற்றி விற்கும் போலிகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் போட்டுப் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஓட்டிக் காட்டத் தயங்குகிறவரிடம் பேரமே பேசாதீர்கள்.

மாட்டியபின் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள். "கார்டு போட்டும் ஒன்றும் மாறலையே" என்று வருகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், 1650-இல் அந்தத் துளை கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும், வெறும் கேபிள் வேலை செய்யாது.

புராசஸரும் விண்டோஸும்

முதல் சோதனையில் புராசஸர்தான் மாட்டியது என்றால், அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4770 பழையது தேடலாம். ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள் (திரெட்) நான்கிலிருந்து எட்டாகும். அதற்குமேல் இந்த போர்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்களுடையது இன்டெல் இல்லாமல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் என்றால் யோகம்தான். பழைய பி350, பி450 போர்டுகள் பலவற்றில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 வரை போகலாம். மதர்போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. குறுக்கு வழியில் போட்டு ஓட்டுகிறார்கள், ஓடுகிறது. ஆனால் வேலோரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்த கேமுக்காகத்தான் இத்தனையும் என்றால், கார்டுக்கு வைத்திருக்கும் காசை அப்படியே எடுத்துவைத்து, எட்டாம் தலைமுறை போர்டும் புராசஸரும் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். அதற்கு டிடிஆர்4 ராம் வேண்டும், கையிலிருக்கும் டிடிஆர்3 பொருந்தாது. ஐந்தாவது வேலையைத் தொடும் முன்பே இதை முடிவு செய்துவிட்டால் ராம் காசு மிச்சம்.