கால்சியம் பட்டதும் சுருண்ட தவளைச் செல்கள்

வளர்ந்த தவளையின் இதயத்திலிருந்து தசைச் செல்களைப் பிரிப்பதில் என்னைப் படுத்தியது நொதி அல்ல. செல்களைப் பிணைக்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும் கொலாஜினேஸ் நொதி தன் வேலையைச் சரியாகவே செய்தது. கால்சியம் இல்லாத கரைசலில் செல்கள் நீண்டு மெலிந்து, குறுக்கு வரிகள் துலங்கக் கிடந்தன. கால்சியம் உள்ள உப்புக் கரைசலான சாதாரண ரிங்கர் கரைசலுக்கு மாற்றியதும் கண்ணெதிரே சுருங்கி உருண்டைகளாகிவிட்டன. செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயமான டிரிப்பான் நீலம் உள்ளே ஏறியது. அத்தனையும் செத்த செல்கள்.

தவளை இதயம் துடிக்கக் கால்சியம் வேண்டும் என்று 1883-இல் காட்டியவர் சிட்னி ரிங்கர். அதே கால்சியம், சற்று நேரம் அது இல்லாமல் இருந்த செல்லுக்குள் மொத்தமாகப் பாய்ந்தால் கொன்றுவிடுகிறது! ஆகவே படிப்படியாக ஏற்றினேன்: லிட்டருக்கு 0.1 மில்லிமோலில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் விட்டு, 1.8 வரை. இப்போது பெரும்பாலான செல்கள் நீளம் குறையாமல் நிற்கின்றன. மின்தூண்டலுக்கு ஒழுங்காகச் சுருங்கி விரிகின்றன.

எலி இதயத்துக்கான முறையை அப்படியே எடுக்காதீர்கள். தவளையின் கீழறைச் சுவர் பஞ்சு போன்றது. எலி இதயத்தில் செய்வதுபோல், தசைக்கு இரத்தம் தரும் கரோனரி நாளங்கள் வழியே நொதியைச் செலுத்தலாம் என்று நம்பிப் பயனில்லை. நொதிக் கரைசலை அறைக்குள்ளேயே செலுத்துங்கள். 37 டிகிரி வெப்பமும் வேண்டாம். செல்களைக் கலைக்க அகன்ற வாய்ப் பிப்பெட்டையே எடுங்கள். அவ்வளவு நீளமான, மெல்லிய செல்கள் குறுகிய முனையில் ஒடிந்துவிடும்.