கீபோர்டு சேர்த்தால் மட்டும் ஜப்பானிய எழுத்து வராதுங்க

ஈரோட்டிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். "மாமா, உபுண்டுல ஜப்பானீஸ் சேர்த்துட்டனுங்க. ஆனா இங்கிலீஷ்தான் வருது. அட் குறிக்கு ஷிஃப்டும் ரெண்டும் அழுத்துனா மேற்கோள் குறி விழுகுது."

பத்துக்கு ஒன்பது பேர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அவள் எடுத்தது வெறும் கீபோர்டு அமைப்பு. ஜப்பானில் விற்கும் கீபோர்டில் குறிகள் எங்கே இருக்குமோ, அதை மட்டும் மாற்றும். தமிழ்99 கீபோர்டு பழகிய நமக்கு விசைக்கு ஓர் எழுத்து வந்துவிடும் என்ற நினைப்பு. ஜப்பானியத்தில் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், அது ஹிரகானா என்ற ஒலி எழுத்து ஆகும், ஸ்பேஸ் அழுத்தினால் காஞ்சி என்ற சீன வழி எழுத்து வரும், என்டர் தட்டினால் உறுதியாகும். 'ஹாஷி' என்றால் பாலமும் உண்டு, சாப்பிடும் குச்சியும் உண்டு. எது வேண்டுமென்று கேட்க ஒரு மாற்றி வேண்டுமே! அதுதான் மோஸுக். கூகுளின் ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளிலிருந்து 2010இல் திறமூலமாக வந்தது. உபுண்டுவில் பல மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்ஸுக்கான மோஸுக் பொதியை நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, ஜப்பானீஸ் என்பதற்குப் பக்கத்தில் எம்-ஓ-இசட்-சி என்று போட்டிருப்பதை எடுங்கள். லாக்அவுட் செய்யாமல் பட்டியலில் தேடுவது தனித் தவறு.

எடுத்த பிறகும் ஆங்கிலமே வந்தால் பதறி அழித்துவிடாதீர்கள். மோஸுக் பல நேரம், தட்டிய ஆங்கில எழுத்தே விழும் நேரடி உள்ளீட்டு நிலையில்தான் தொடங்கும். அதை மாற்றும் விசை ஜப்பானியக் கீபோர்டில் உண்டு, நம்முடையதில் இல்லை. மேல்பட்டை ஐகானைச் சொடுக்கி ஹிரகானாவை எடுத்தால் சரி.

ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து, ஐபஸ் போலவே இன்னொரு உள்ளீட்டு மென்பொருளான எஃப்சிடிக்ஸையும் மேலே ஏற்றாதீர்கள். ஐபஸ்ஸில் தமிழ்99 ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே இருங்கள். இரண்டும் மோதினால் ஒரு செயலியில் எழுத்து வரும், இன்னொன்றில் வராது. காரணம் தேடியே பொழுது போய்விடும். கேடிஈ டெஸ்க்டாப் வைத்திருக்கும் ஆட்கள் எஃப்சிடிக்ஸ் 5 வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஒன்று மட்டும்.

எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தால் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான நோட்டோ சிஜேகே எழுத்துரு போதும்.

எல்லாம் சரியானதும் அம்மிணி 'புகைபிடிக்கக் கூடாது' என்று அடித்து அனுப்பினாள். வந்ததோ 'நினைவு'. இரண்டுக்குமான ஜப்பானியச் சொற்களும் ஆங்கில எழுத்தில் 'கினென்' போலத்தான் இருக்கும். "நடுவுல வர்ற 'என்' எழுத்தை ரெண்டு தடவை தட்டு கண்ணு" என்றேன்.