வீட்டிலேயே ரிவால்வர் பயிற்சி: பிளாஸ்டிக் தோட்டாவோடு தொடங்குங்கள்

ரிவால்வரில் குறி தவறினால் பெரும்பாலும் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, விரல்தான் காரணம். ட்ரிகரை ஒரே இழுப்பாக இழுக்கும்போதே சுத்தியல் பின்னால் போய் விழும் டபுள் ஆக்‌ஷனில் ட்ரிகர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். அதை இழுத்து முடிக்கும் கடைசி நொடியில்தான் கை ஆடிவிடுகிறது. அந்த ஆட்டத்தை அடக்கப் பழக நிஜத் தோட்டாக்களைக் கரைக்க வேண்டியதில்லை. வெடிமருந்தே போடாமல், உறையின் அடியில் இருக்கும், தட்டினால் வெடிக்கும் சிறு மூடியான பிரைமரின் விசையில் மட்டும் பறக்கும் பிளாஸ்டிக் அல்லது மெழுகுத் தோட்டா போதும்.

இதைப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தில் பட்டால் கண்ணே போய்விடும். உரிமம் இருக்கிறதா, வீட்டுக்குள் சுடச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு தோட்டாக் குழியையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள்.

படி 2: ஐந்தாறு மீட்டர் தூரத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வையுங்கள். அதற்குள் கனமான பழைய போர்வையை இறுக்கிக் கட்டாமல் தொங்கவிடுங்கள். தொளதொளவென்று தொங்கும் துணி தோட்டாவின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் தோட்டா சேதமாகாமல் கீழே விழும், திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம். பெட்டிக்குப் பின்னால் கெட்டியான சுவர் இருக்கட்டும். கதவும் ஜன்னலும் அந்தத் திசையில் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம்.

படி 3: தோட்டாவையும் பிரைமரையும் தாங்கும் உறை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. நிஜத் தோட்டா வெடிக்கும்போது உறை பின்னால் மோதி, பிரைமரைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். இதில் அந்த அழுத்தம் இல்லை. அதனால் சாதாரண உறையில் பிரைமர் பின்னால் பிதுங்கி நின்று சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பயிற்சிக்கென்றே விற்கும் உறைகளை வாங்குவதுதான் நல்லது. அவற்றில் தனி நிறத்தில் அடையாளம் போட்டு வையுங்கள். வெடிமருந்து நிரப்பும் உறைகளோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

படி 4: இனிமேல்தான் உண்மையான பயிற்சி. விரலின் முதல் மூட்டு ட்ரிகரில் படியட்டும். இன்னொரு கையின் பெருவிரலை சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அங்கே சூடான வாயு பீறிடும். குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டை மட்டும் பார்த்தபடி, நடுவில் நிறுத்தாமல், ஒரே சீராக இழுங்கள். சுத்தியல் விழுந்த பிறகும் சைட் இருந்த இடத்திலேயே இருந்தால் சரி.

அப்புறம் ஒரு தந்திரம். ஆறில் மூன்று குழிகளில் மட்டும் பயிற்சித் தோட்டா, மற்றவற்றில் சுட்ட வெற்று உறை. சிலிண்டரைப் பார்க்காமல் சுழற்றி மூடுங்கள். எது வெடிக்கும் என்று தெரியாது. வெற்று உறை வரும்போது குழல் முனை ‘டக்’கென்று கீழே குனிந்தால், வெடிப்புக்கு முன்பே நீங்கள் பதறுகிறீர்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது.

வலக்கைக்காரருக்குத் துளைகள் இடப்பக்கம் கீழே கூடினால், ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துளைகள் மொத்தமாகக் குறிக்கு மேலோ கீழோ விழுந்தால் சைட்டைத் திருகாதீர்கள். இந்தத் தோட்டாவின் வேகமும் எடையும் வேறு, அது விழும் இடமும் வேறாகத்தான் இருக்கும். துளைகள் நெருக்கமாக விழுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

படி 5: சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டாலோ, பெட்டியில் துளை விழவில்லை என்றாலோ உடனே நிறுத்துங்கள். சிலிண்டரைக் காலி செய்துவிட்டு, தோட்டா குழலில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின்னால் இன்னொன்றைச் சுடுவது ஆபத்து.

படி 6: பிரைமர் புகையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். காற்றோட்டம் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மெழுகு பயன்படுத்தியிருந்தால் குழலில் படலம் ஒட்டியிருக்கும். நிஜத் தோட்டா போடுவதற்கு முன் அதை முழுக்கத் துடைத்தெடுங்கள்.