விமானத் தாமதக் கணக்கைப் படிப்பதும் எழுதி வைப்பதும்

அரசு வெளியிடும் தாமதக் கணக்கைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்க நினைப்பவரும், தாமதத்துக்காக முறையிட நினைப்பவரும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த நேரத்தை வைத்துத் தாமதத்தை எண்ணியிருக்கிறார்கள்?

ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, கோலாலம்பூர் (கே.எல்.) பன்னாட்டு விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யின் இரண்டாம் முனையத்திலிருந்து பினாங்குக்குப் புறப்பட்டேன். 7.40க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 7.50க்கு நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்து, ஓடுதளத்துக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டு, 8.35க்குத்தான் மேலே எழும்பியது. பின்னிருக்கையில் இருந்த பாட்டி, “ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் கே.எல்.லதான் இருக்கோம்யா” என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த நேரத்தை மட்டும் எண்ணும் கணக்கில், அது குறித்த நேரத்தில் புறப்பட்ட விமானம். ஏனெனில் அட்டவணையைவிடப் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்துவதைத் தாமதமாகக் கொள்ளாதிருப்பது இத்துறையில் பரவலான வழக்கம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் அளவுக்கு விரிவான கணக்கைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புள்ளிவிவரப் பிரிவு வெளியிடும் தரவைத் திறந்து பாருங்கள். அங்கே பெரிய விமான நிறுவனங்கள் 1987 முதல் ஒவ்வொரு மாதமும் தம் உள்நாட்டு விமானங்களின் நேரத்தைச் சட்டப்படி அரசிடம் ஒப்படைத்து வருகின்றன. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது, சக்கரம் தரையை விட்டு எழுந்தது, சக்கரம் தரையைத் தொட்டது, சென்றடைந்த நிறுத்துமிடத்தில் நின்றது என ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு நேரங்கள் அதில் தனித்தனியே இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், பாட்டியின் முறையீடு எண்ணாகவே தெரிந்துவிடும்.

அதே தரவில் 2003 ஜூன் முதல் தாமதத்தின் காரணமும் சேர்ந்துள்ளது. நிறுவனத்தின் சொந்தக் காரணம், கடுமையான வானிலை, வான்போக்குவரத்துக் கட்டமைப்பு (வான்வழிக் கட்டுப்பாடு, விமான நிலைய நெரிசல் போன்றவை), பாதுகாப்புச் சோதனை, முந்தைய பயணத்திலிருந்து பிந்தி வந்த விமானம் என அவை ஐந்து. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வானிலைப் பத்தியில் சிறிய எண்ணைக் கண்டதும், மழையால் பெரிய பாதிப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் அந்தப் பத்தியில் சேர்வது பறக்கவே முடியாத அளவுக்குக் கடுமையான வானிலை மட்டுமே. விமானங்களை மெதுவாக விடவேண்டிய அளவிலான சாதாரண மழையும் மூட்டமும் வான்போக்குவரத்துக் கட்டமைப்பின் கணக்கில் போய்விடும். காலையில் பெய்த மழையால் பிந்திய விமானம் மாலையில் நான்காவது ஊரிலிருந்து பிந்திப் புறப்பட்டால், அதற்குப் பெயர் ‘பிந்தி வந்த விமானம்’ என்று மாறிவிடும். ஆகவே ஒரு பத்தியை மட்டும் படிக்காமல், ஐந்தையும் ஒருசேரப் படிக்க வேண்டும்.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரே விமானம் நாளெல்லாம் பல ஊர்களுக்குப் போய்வருவதால், காலையின் முதல் விமானத்துக்கு முந்தைய பயணத்தின் சுமை பெரும்பாலும் இருப்பதில்லை. திருச்சிக்கோ சென்னைக்கோ கே.எல். வழியாகப் போகிறவர்கள் பினாங்கிலிருந்து மாலை விமானத்தில் வந்து இணைப்பைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

அட்டவணையையும் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். கே.எல்.–பினாங்கு அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேல் போட்டிருக்கும், வானில் இருப்பதோ அதைவிடக் குறைவு. ஓடுதளத்துக்குப் போய்வரும் நேரமும் அதில் அடங்கும் என்றாலும், நேரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டால் பிந்திக் கிளம்பிய விமானமும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

மலேசியாவில் விமானப் பயணிகளின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு 2016 மார்ச்சில் தொடங்கப்பட்ட மாவ்கோம் எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. மாவ்கோம் வெளியிட்டுவந்த பயனீட்டாளர் அறிக்கைகளில் நிறுவனவாரியாகப் புகார்களின் எண்ணிக்கையைக் காணலாம். அதைப் பயணிகளின் எண்ணிக்கையோடு சேர்த்துப் படியுங்கள். பெரிய நிறுவனத்துக்குப் புகார் அதிகமாக வருவதில் வியப்பில்லை.

அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் விமானத்துக்கு நேர்ந்ததை அது தனியாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும். போர்டிங் பாஸின் பின்புறமே போதும். அட்டவணை நேரம், தாமதம் முதலில் அறிவிக்கப்பட்ட நேரம், சொல்லப்பட்ட காரணம், கதவு மூடிய நேரம், மேலே எழுந்த நேரம், இறங்கிக் கதவு திறந்த நேரம் ஆகியவற்றை அவ்வப்போது எழுதுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினால் பத்து நிமிடம் அரை மணியாகிவிடும். அறிவிப்புப் பலகையையும் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் உடலில், மலேசியப் பதிவைக் குறிக்கும் 9எம் என்று தொடங்கும் பதிவெண் தெரிந்தால் அதையும் எழுதிக்கொண்டால், அந்த விமானம் அதற்குமுன் எங்கிருந்து வந்தது என்பதை விமானத் தடமறியும் செயலியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டு விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, தாமதம் இரண்டு மணி நேரத்தை எட்டினால் உணவு கேட்கலாம். ஐந்து மணி நேரத்தைத் தொட்டு இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் தர வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைச் செலுத்திய வழியிலேயே திரும்பப் பெறும் உரிமையும் 2024 செப்டம்பர் 2 முதல் உண்டு. அதற்குப் பதிலாக வவுச்சர் நீட்டப்பட்டால், யோசித்துவிட்டு வாங்குங்கள்.

முறையீடு முதலில் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டாலோ மனநிறைவு தராவிட்டாலோ சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போகலாம். “விமானம் ரொம்பத் தாமதம், யாரும் மதிக்கவில்லை” என்று எழுதினால் அதைக் கொண்டு அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. “அட்டவணை நேரம் 19.40, நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது 22.05, உணவு கேட்டது 21.45, கிடைக்கவில்லை” என்று எழுதி, அறிவிப்புப் பலகையின் படத்தையும் இணைத்தால் நிறுவனத்தின் பதிவேட்டோடு அவரால் ஒப்பிட முடியும்.