எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் முதல் ஆறு வாரம்: தண்ணீரிலும் சாப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்காவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். வெயில் கொளுத்துகிற மே மாதம். நாக்கு வறண்டிருக்கிறது என்று, எப்போதும் போலச் சொம்பைத் தூக்கி அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்தாள். அடுத்த நொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி நெஞ்சுலயே நிக்குதுடா தம்பி" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். கேட்டால் "அப்புறம் குடிக்கிறேன்" என்பாள். எட்டாம் நாள் காலை எழுந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்றாள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் முழுக்க இரண்டே முறைதான் சிறுநீர் போயிருக்கிறாள். அதுவும் கட்டிப்போன டிகாக்ஷன் நிறத்தில். மறுபடி மருத்துவமனை, இரண்டு நாள் ட்ரிப்ஸ்.

ஆபரேஷனில் எந்தக் குறையும் இல்லை. குறை எங்கள் வீட்டில்தான் இருந்தது. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மறுபடி மருத்துவமனைக்குத் திரும்புவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று உடம்பில் நீர் வற்றிப்போவது. எங்களுக்கு அது பின்னால்தான் புரிந்தது. வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். பைபாஸ் என்கிற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். அந்தப் பை 30 மில்லி அளவுதான். போதாக்குறைக்கு முதல் சில வாரம் தைத்த இடமெல்லாம் வீங்கியிருக்கும், வழி இன்னும் குறுகலாகிவிடும். அதில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் எங்கே போகும்?

நம் ஊர்க்காரர்களுக்கு அண்ணாந்து குடிப்பது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். எச்சில் படக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அண்ணாந்து குடிக்கும்போது ஒரு மடக்கு எவ்வளவு என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை; தண்ணீரோடு காற்றும் உள்ளே போகிறது. புதிதாகத் தைத்த வயிற்றுக்கு இரண்டுமே ஆகாது. இந்த ஆறு வாரம் டம்ளரை வாய் வைத்துச் சப்பித்தான் குடிக்க வேண்டும். எச்சில் டம்ளர் என்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டால் போகிறது.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது என் மகளுக்கு மருந்து புகட்டிய பாலாடையை அம்மா தேடி எடுத்துக் கொடுத்தாள். அக்கா சிரித்தாள், ஆனால் அதுதான் வேலை செய்தது. மருத்துவமனையில் கொடுத்த 30 மில்லி மருந்துக் கப்பில் தண்ணீரை அளந்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பினாள். ஒரு கப் முடிய ஐந்து நிமிடம், அப்புறம் பத்து நிமிடம் ஓய்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் மணிக்கு 30 மில்லி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 120. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மில்லி ஆகிவிடுகிறது. ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு லிட்டர் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. முதல் இரண்டு மூன்று நாள் அதை எட்ட முடியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏறுமுகமாக இருக்க வேண்டும்.

"தாகம் எடுத்தால் குடிக்கிறேன்" என்பது இந்தக் காலத்தில் செய்யக்கூடாத தவறு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதே வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். அதனால் பசி மந்தமாகிவிடும். பசி இல்லாத உடம்பில் குடிக்கும் எண்ணமும் வராது. தாகம் தெரிந்து எழுந்திருக்கும்போது ஏற்கெனவே பாதி நாள் போயிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். போனில் கால் மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நாலைந்து மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ, நிறம் கடும் மஞ்சளாகப் போனாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்துக்கும் அது ஒரு காரணமாகிறது.

வெறும் தண்ணீர் சிலருக்குக் கனமாக இறங்கும். அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர் கொடுத்தால் சுலபமாக இறங்கியது. நீர்மோர், காரம் புளி குறைத்த ரசத் தெளிவு, வடிகட்டிய சூப், இளநீர் எல்லாமே கணக்கில் சேரும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் இளநீரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். கோலி சோடா, கூல்ட்ரிங்க்ஸ் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்று உள்ளே போய் வயிற்றை உப்ப வைக்கும். பார்க்க வருகிறவர்கள் "தெம்புக்கு" என்று வாங்கி வரும் சர்க்கரை போட்ட ஜூஸையும் குளுக்கோஸ் பொடியையும் ஓரமாக வைத்துவிடுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி என்று வரிசையாக வரும். டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கமும் வரும்.

கஞ்சியும் பருப்புத் தண்ணியும்

உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கஞ்சி கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம். என் அம்மா நொய்க்கஞ்சி வைத்தாள், பருப்பு வேகவைத்த தண்ணியை இறுத்துக் கொடுத்தாள், ஆட்டுக்கால் சூப் வைத்தாள். அவ்வளவும் பாசம்தான். ஆனால் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. இறுத்த பருப்புத் தண்ணியில் ஒரு டம்ளருக்கு ஒன்றிரண்டு கிராம் புரோட்டீன் இருந்தாலே அதிகம். பருப்பின் சத்து வடிகட்டியில் தங்கிவிடுகிறது. ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் தேவை. அது கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எடை மெஷினில் முள் இறங்குவதைப் பார்த்து வீடே சந்தோஷப்படும். இறங்கியதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று மெஷின் சொல்லாது. காயம் ஆறுவதற்கும் அந்தப் புரோட்டீன்தான் வேண்டும். மூன்றாம் மாதத்தில் சீப்பு நிறைய முடி வருகிறதே என்று அழுகிறவர்கள் நிறையப் பேர். வேகமாக எடை குறைந்தால் கொஞ்சம் முடி கொட்டத்தான் செய்யும், திரும்பவும் வளர்ந்துவிடும். புரோட்டீனும் இரும்பும் குறைந்தால் கொட்டுவது கூடிவிடும்.

திரவமாகவே சாப்பிட வேண்டிய நாட்களில் 60 கிராமை எட்டுவது லேசான காரியம் இல்லை. எங்களுக்குக் கைகொடுத்தது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். 150 மில்லி பாலில் ஐந்து கிராம் புரோட்டீன் இருக்கும். அதிலேயே பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி பால் பவுடரைக் கரைத்தால் பத்து ஆகிவிடும். நாளைக்கு மூன்று முறை அப்படிக் கொடுத்தால் 30. மருத்துவர் சொன்ன புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம். மிச்சம் கெட்டித் தயிரைக் கடைந்து வடிகட்டியதில். புரோட்டீன் பவுடரில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள்: கொதிக்கிற பாலில் கொட்டுவது. உடனே திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும், குடித்தால் குமட்டும், அதோடு டப்பா அலமாரிக்குப் போய்விடும். கை பொறுக்கும் சூட்டில் கலக்க வேண்டும். வெனிலா வாசனை பிடிக்காதவர்கள் வாசனை சேர்க்காத பவுடரை வாங்கி ரசத்திலோ தக்காளி சூப்பிலோ கலந்துகொள்ளலாம். அக்கா அதைத்தான் விரும்பிக் குடித்தாள். பால் குடித்தால் வயிறு கடமுடா என்றால் டயட்டீஷியனிடம் சொல்லுங்கள், பால் சர்க்கரை நீக்கிய வகைகள் இருக்கின்றன.

"இரண்டு வாரம் ஆச்சே, ஒரு இட்லி தின்னா என்ன?"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். வெளியே காயம் சின்னதாக ஆறியிருக்கும், வலியும் இருக்காது. உள்ளே நீளமாக ஸ்டேப்ளர் போட்டுத் தைத்திருப்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலான மருத்துவமனைகளில் முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அடித்த கூழ், அப்புறம் குழைவான உணவு, ஆறாவது எட்டாவது வாரத்தில் வழக்கமான சாப்பாடு என்று படிப்படியாக ஏற்றுவார்கள். நாட்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். உங்கள் கையில் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளே தோசை சாப்பிட்டார் என்பது உங்களுக்கு வழிகாட்டி ஆகாது. அவசரப்பட்டால் அடைத்துக்கொண்டு வாந்தி வரும், வாந்தியின் அழுத்தம் தையலில் போய் விழும்.

கூழ்ப் பருவத்தில் முதல் இரண்டு ஸ்பூன் புரோட்டீனுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: மசித்த முட்டை, முள் எடுத்து உதிர்த்த மீன், மசித்த பனீர், குழைய வெந்த பாசிப்பருப்பு. மூன்று நான்கு ஸ்பூனிலேயே வயிறு நிறைந்துவிடும். முதலில் சோறு போனால் புரோட்டீனுக்கு இடம் இருக்காது. வழக்கமான சாப்பாட்டுக்கு வந்த பிறகும் குழைந்து ஒட்டும் சோறு, பிரெட், சப்பாத்தி பலருக்கு ஆரம்பத்தில் உருண்டையாகத் திரண்டு நிற்கும். முறுக்கு, சிப்ஸ், ஐஸ்கிரீம் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். "இது மட்டும்தான் எனக்கு ஒத்துக்குது" என்று அதிலேயே நின்றுவிடாதீர்கள்.

அப்புறம், இலையில் சாப்பாட்டுக்கு முன்பே தண்ணீர் டம்ளரை வைக்கிற பழக்கம் நமக்கு. சோற்றில் ரசத்தையும் மோரையும் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாம். கூழும் கட்டியும் சாப்பிட ஆரம்பித்த பிறகு இது ஒத்துவராது. தண்ணீர் போய் நிரம்பினால் சாப்பாடு இறங்காது, அல்லது இரண்டும் சேர்ந்து வேகமாகக் குடலுக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். எங்கள் வீட்டில் அக்கா சாப்பிடும்போது மேசையில் யாரும் தண்ணீர் வைக்கவில்லை. கண்ணில் பட்டால் கை தானாக நீளும்.

மாத்திரை விஷயம்

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் பழைய டப்பாவைத் திறந்து பழைய அளவில் போட்டுக்கொள்வது ஆபத்து. சாப்பாடு கால்வாசி ஆகிவிட்ட உடம்பில் பழைய அளவு இன்சுலின் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். நீரை வெளியேற்றும் பி.பி. மாத்திரை இருக்கிற கொஞ்ச நீரையும் எடுத்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாத உடம்பில் தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்குங்கள். வலி என்று மெடிக்கலில் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அது புண் உண்டாக்கும்.

வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள்.

வாந்தி

"ஆபரேஷன் ஆனா வாந்தி வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். அவசரமாக விழுங்கியதால் ஒரு தடவை வருவது வேறு. குடித்ததெல்லாம் நாள் முழுக்க வெளியே வந்தால் அது வேறு. உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். சாப்பாடும் இல்லாமல், வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துபோய் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அடையாளம். தாமதித்தால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த ஊரில் ராத்திரி வாந்தியோடு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் "பலவீனமா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்பார்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சம் இருக்கும் தயமினையும் அது இழுத்துக்கொள்ளும், நிலைமை மோசமாகும். தயமின் ஊசி முன்னால் போக வேண்டும், அல்லது சேர்ந்தே போக வேண்டும். பார்த்தவுடனே எந்த டாக்டருக்கும் இவர் வயிற்றில் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் தாளைப் படம் எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்திருங்கள். போனவுடன் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், இத்தனை நாளாக வாந்தி, தயமின் குறைந்திருக்குமா என்று பாருங்கள்." நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், குறையாத வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது இருந்தாலோ தையலில் கசிவு இருக்கலாம்; கிளினிக்கில் நிற்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அந்த ராத்திரியே கிளம்பிவிடுங்கள். அது தூரமாக இருந்தால் பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், அங்கிருந்தே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போட்டுப் பேச வையுங்கள்.